கன்னிக்காலும் மண்மூட்டைகளும்

லண்டனுக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. என் தங்கச்சி வசந்தியின் மகள் துளசிக்கு ஞாயிற்றுக்கிழமை கலியாணம். தாய்மாமன் என்று இருப்பது நான் ஒருவன்தான். புதன்கிழமை போய் இறங்குவது, மூன்று நாள் சாப்பிட்டுப் படுப்பது, ஞாயிறு வேட்டி கட்டிக்கொண்டு மணவறைக்குப் பக்கத்தில் நிற்பது. இவ்வளவுதான் என் திட்டம்.

விமான நிலையத்திலேயே மறித்துவிட்டார்கள். என் பெட்டிக்குள் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஒன்று இருந்தது.

"இது என்ன?" என்று சுங்க அதிகாரி கேட்டார்.

"பம்ப். என் தங்கச்சி வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை இருக்கிறது."

"லண்டனிலும் பம்ப் விற்கிறார்கள், தெரியுமா?"

"தெரியும். வெள்ளம் வருகிற அன்று விற்றுத் தீர்ந்துவிடும் என்பதும் தெரியும்."

அவர் சிரித்துக்கொண்டே போகவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டி கனம், வெளியே மழை.

நான் இருப்பது சுவிசில், ஏரிக்கரையில் உள்ள ஒரு சின்ன நகரம். பெயர் சொன்னாலும் உங்களில் பலருக்குத் தெரியாது. நகரசபையின் தெரு வேலைப் பகுதியில் எனக்கு வேலை. இலை பழுக்கத் தொடங்கினால் எங்களுக்கு வேறு சிந்தனை கிடையாது. தெருக்கானின், அதாவது மழைநீர் வடிகாலின், வாயெல்லாம் திறந்து சேறு அள்ளுவோம். ஏரிக்கரைப் பூத்தொட்டிகளை ஏற்றி உள்ளே கொண்டுபோவோம். மண்மூட்டைகளை நிரப்பி, சந்திக்குச் சந்தி பலகைமேல் அடுக்குவோம். கீழ்த்தெரு வீடுகளின் வாசல் நிலைகளில் பள்ளம் விட்டிருக்கும். அலுமினியப் பலகையை அதில் இறக்கினால் கதவு பாதிக்கு மூடிவிடும். ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பலகை எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் தெரியும். நிலவறையில் எவனும் முழங்காலுக்குக் கீழே ஒரு பொருளும் வைப்பதில்லை. புயல் காற்றுக்கு முன் ஒருவர் மரம் மரமாகத் தட்டிப் பார்த்து, உளுத்ததில் அடையாளம் போடுவார். அடுத்த நாள் அது வெட்டப்பட்டிருக்கும். அந்தச் சனங்களோடு எனக்கு ஆயிரம் கோபம் உண்டு. ஆனால் தண்ணீர் விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

போன குளிர்காலம் ஓடைத் தண்ணீர் தோட்டத்துக் கொட்டில் வரைக்கும் வந்ததாக வசந்தி தொலைபேசியில் சொல்லியிருந்தாள். அதனால்தான் பம்ப்.

வீடு ரெய்னர்ஸ் லேனில். வசந்தியின் கணவன், மச்சான் கணேசன், தன் வான் வண்டியில் வந்து ஏற்றினான். அவன் முதலில் ஜெர்மனியில் இருந்தவன். பிறகு எல்லாரையும்போல லண்டனுக்கு மாறி, வீடுகளுக்குப் பின்பக்கம் அறை கட்டிக் கொடுக்கும் தொழில் செய்கிறான். வழியெல்லாம் எத்தனை பேருக்குச் சாப்பாடு, எந்த மண்டபம், எந்த மேளம் என்று கதைத்துக்கொண்டு வந்தான். நான் மழையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் இறங்கியதும் தேத்தண்ணி குடிக்காமல் பின்பக்கம் போனேன். தோட்டத்தின் முடிவில், ஓடைக்கு இந்தப் பக்கம், இடுப்பளவு உயரத்தில் புல் மூடிய மண் அணை ஒன்று இருக்கும். முன்பு அந்த வீட்டில் இருந்த வெள்ளைக்காரர் கட்டியது. இப்போது அது பாதிதான் இருந்தது. வடகிழக்கு மூலையில் ஒரு வான் போகிற அகலத்துக்கு வெட்டிச் சமப்படுத்தி, சீமெந்துக் கல் பதித்து, மேலே பந்தல் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு சின்னக் குழியில் ஒரு தடி நட்டிருந்தது. தடியில் மாவிலை, மஞ்சள் துணி.

கன்னிக்கால். எங்கள் ஊர் வழக்கத்தில் பொன்னுருக்கு அன்று, தாலிக்குப் பொன்னை உருக்கிவிட்டு, முற்றத்தின் ஈசான மூலையில் இதை நடுவார்கள். முள்முருக்கங் கிளை நட வேண்டும். லண்டனில் முள்முருக்குக்கு எங்கே போவது? பக்கத்துப் பூங்காவில் வெட்டிய ஏதோ ஒரு தடி. நட்டபிறகு வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் காய்ச்சக்கூடாது. பெண் கலியாணத்துக்குப் புறப்படும்வரை வீட்டை விட்டு இறங்கக்கூடாது. பெரும்பாலானவர்கள் இங்கே ஒரு வாளியில் மண் போட்டு நட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். கணேசனுக்கு மட்டும் நிலத்தில் நட வேண்டுமாம். நிலத்தில் ஈசான மூலை எதுவென்று பார்த்தால் அங்கே அணை நிற்கிறதாம்.

"அணையை வெட்டினனீரோ?" என்று கேட்டேன்.

"எந்த அணை மச்சான்? அந்தக் கிழவன் சும்மா மண்ணைக் குவிச்சு வைச்சிருந்தவன். பந்தலுக்கு இடைஞ்சலாக் கிடந்தது."

"சும்மா குவிக்கிறதுக்கு அந்தாளுக்கு விசரோ? அங்கால ஓடை ஓடுறது கண்ணுக்குத் தெரியேல்லையோ உமக்கு?"

"கலியாண வீட்டில கத்தாதீங்கோ மச்சான்."

கத்தினேன். வசந்தி வெளியே வந்து, வந்த காலோடு ஏன் சண்டை என்று என்னைத்தான் பேசினாள். இரவுச் சாப்பாடு கத்தரிக்காயும் பருப்பும். துளசி அடுப்படி வாசலில் நின்று, "வெல்கம் டு த ஜெயில், மாமா" என்றாள். அவள் மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். கன்னிக்கால் நட்ட நாளில் இருந்து தோட்டத்துக்குக்கூட இறங்க விடவில்லையாம். குப்பை போட ஒரு அடி வைத்ததற்குத் தாய் அரை மணி நேரம் பேசினாளாம்.

வியாழக்கிழமை வானொலியில் சனிக்கிழமைக்குப் புயலும் பெருமழையும் என்று சொன்னார்கள். கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்தேன். மண்மூட்டை வீடுகளுக்குக் கொடுப்பதில்லை, நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். கட்டடச் சாமான் கடையில் சாக்கு முடிந்துவிட்டது. பம்பை எடுத்து வைத்தால் அதன் மின்செருகி இந்த நாட்டுச் சுவரில் ஏறவில்லை. இவ்வளவு தூரம் சுமந்து வந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. செருகியை வெட்டி எறிந்துவிட்டு இங்கிலீஷ் செருகி ஒன்று பூட்டினேன்.

கன்னிக்காலைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா என்று கலியாணம் நடத்தும் ஐயரிடம் கேட்கச் சொன்னேன். "நட்டதை ஆட்டக்கூடாதெண்டு சொல்லிப்போட்டார்" என்று வசந்தி வெற்றியோடு வந்து சொன்னாள்.

செவன் கிங்ஸில் எங்கள் பெரியம்மா மகன் சிவம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். வெறும் அரிசிச் சாக்கு அவனிடம் கிடைக்கும். ரெய்னர்ஸ் லேனில் இருந்து செவன் கிங்ஸ் போவதென்றால் லண்டனின் ஒரு காதில் இருந்து மற்றக் காதுக்குப் போவதுபோல. நடுவழியில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். தண்டவாளத்தில் இலை விழுந்து கிடக்கிறதாம். இலையுதிர் காலத்தில் இலை விழும் என்று இவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லைபோல. எனக்கு முன்னால் இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகள்.

"மழை பலமாக வரப்போகிறதாம்."

"ஒவ்வொரு வருடமும் சொல்கிறார்கள்."

"ஒவ்வொரு வருடமும் வருகிறது."

"ஆமாம், ஆனால் சொல்லும்போது நம்ப முடிவதில்லை."

இரண்டு பேரும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் பேப்பர் படித்தார்கள். குடை ஒருத்தியிடம்தான் இருந்தது.

சிவத்தின் கடையில் சூடாக மட்டன் ரோல்ஸ் போட்டிருந்தார்கள். ஒரு நாள் கத்தரிக்காய்க்கே நாக்குச் செத்திருந்தது. நின்ற நிலையில் நாலு சாப்பிட்டேன். சாக்கு எதற்கென்று கேட்டு, சிவம் வாயில் கைவைத்தான்.

"அணையை வெட்டிக் கன்னிக்கால் நட்டவனோ? உலகத்தில ஆரும் செய்யமாட்டான். அண்ணை, பேசாமப் பிள்ளையையும் தங்கச்சியையும் இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ. எங்கட வீடு மேட்டில கிடக்கு. இஞ்ச இருந்தே பொம்பிளை புறப்படட்டும்."

எனக்கு அது நல்லதாகப் பட்டது. ஒரு கட்டுச் சாக்கோடு திரும்பி வந்து வசந்தியிடம் சொன்னேன். அவள் முதலில் என் சட்டையை மணந்தாள்.

"மச்சம் திண்டிட்டு வந்திருக்கிறியள்."

"அதை விடு. சிவம் சொன்னதைக் கேட்டனியோ?"

"என்ர பிள்ளை இந்த வீட்டுப் படியாலதான் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை. மேளத்தோட. அதுக்கு முதல் ஒரு அடியும் வையாள். இனி இந்தக் கதை கதைக்கவேண்டாம் அண்ணை."

ஐயர் பைத்தியம் பிடித்தவள் என்று நினைத்தேன். நினைத்ததை வாய்விட்டும் சொன்னேன். அவள் போய் விளக்குத் துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க மண் அள்ளினேன். வெட்டிய மண் கொட்டிலுக்குப் பின்னால் குவிந்திருந்தது நல்லதாகப் போயிற்று. சாக்கை முழுக்க நிரப்பக்கூடாது. பாதிக்குக் கொஞ்சம் மேலே நிரப்பி, வாயை மடித்துக் கீழே போட்டு, மிதித்துப் படிய வைக்க வேண்டும். ஒரு வரிசையின் பொருத்துக்கு மேல் அடுத்த வரிசையின் நடு வர வேண்டும். கணேசன் சாக்கைப் பொம்மைபோல நிரப்பிக் கயிறு கட்டினான். உருட்டிவிட்டால் ஓடும். அவிழ்க்கச் சொன்னேன். முகத்தை நீட்டிக்கொண்டு அவிழ்த்தான். கன்னிக்காலை ஆட்டாமல், அதற்கும் ஓடைக்கும் நடுவில் பழைய அணையின் இரண்டு முனையையும் இணைத்து மூட்டையை ஏற்றினோம். துளசி மருதாணிக் கையை விரித்துக்கொண்டு அடுப்படி யன்னலில் நின்று பகிடி விட்டாள்.

"மாமா, பாஸ்மதியில சைனா வோல் கட்டுறியள்."

"நீ பேசாமல் உள்ள போ. நனைஞ்சு காய்ச்சல் வந்தா அதுக்கும் நான்தான் பேச்சு வாங்குவன்."

பின்னேரம் காற்றுத் தொடங்கியது. பந்தல் ஒருமுறை மூச்சு இழுத்து, கூரையோடு கிளம்பி, பக்கத்து வீட்டுக் குஜராத்திக்காரரின் மதிலில் போய்ப் படுத்தது. கணேசன் மன்னிப்புக் கேட்க ஓடினான். என் சுவர் அசையவில்லை. முதுகை நிமிர்த்த முடியவில்லை என்றாலும் எனக்குப் பெருமைதான்.

சனிக்கிழமை காலை வசந்தியின் கூச்சலில் எழும்பினேன். படியில் இறங்கினால் கடைசிப் படி தண்ணீருக்குள் இருந்தது.

பின்பக்கம் பாய்ந்து போய்ப் பார்த்தேன். ஓடை நிறைந்து, கறுத்து, மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு ஓடியது. ஆனால் என் மூட்டைச் சுவரின் அடிக்கும் ஒரு சாண் கீழே. ஓடையில் இருந்து ஒரு சொட்டு உள்ளே வரவில்லை, ஆனாலும் தோட்டம் முழுக்கத் தண்ணீர். அப்போது வீட்டுக்குள் இருக்கும் தண்ணீர் எங்கே இருந்து வந்தது?

முன்கதவைப் பார்த்தேன். கதவின் கீழால், தபால் போடும் வாய் நடுங்க நடுங்க, தெருத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் முன்தோட்டம் இல்லை. எல்லாரும் கார் நிறுத்துவதற்குக் கல் பதித்துவிட்டார்கள். மழை நிலத்துக்குள் போக வழியில்லை. அத்தனையும் தெருவுக்கு வருகிறது. தெருவில் இறங்கி, தெருக்கான் எங்கே என்று காலால் தடவினேன். நிறுத்தியிருந்த காருக்கு அடியில், ஒரு மெத்தை தடிப்புக்கு அழுகிய இலை. வருடா வருடம் நான் சம்பளம் வாங்கிச் செய்கிற வேலை இது. ஏரிக்கரையில் இருந்து வந்தவனுக்குத் தண்ணீர் பின்பக்கத்தால்தான் வரும் என்று மண்டைக்குள் ஏறியிருந்தது. அணை, அணை என்று கணேசனைத் திட்டிக்கொண்டு திரிந்ததில் முன்பக்கம் ஒருமுறை குனிந்து பார்க்கவில்லை.

இன்னும் மோசம் என்னவென்றால், வெட்டியபடி விட்டிருந்தால் இந்தத் தண்ணீர் வீட்டைச் சுற்றித் தோட்டத்தால் ஓடி, கணேசன் வெட்டிய வாயால் ஓடைக்குள் விழுந்திருக்கும். என் சுவர்தான் அதை மறித்து, தொட்டிபோல நிரப்பி, வீட்டுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தது.

பம்பைப் போட்டேன். இரண்டு தரம் உறுமியது. பிறகு வீட்டில் மின்சாரம் நின்றது.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். சுவரில் தாழ்ந்த இடம் கன்னிக்காலுக்கு நேரே. அங்கே வெட்டினால் தண்ணீர் தடியையும் கொண்டுதான் போகும். வசந்தி பின்கதவில் நின்று, "அதைத் தொடாதீங்கோ அண்ணை, வேற பக்கத்தால வெட்டுங்கோ" என்று கத்தினாள். வேறு பக்கம் பழைய அணை. வெட்டி முடிய மத்தியானம் ஆகும். சாமி அறையின் கீழ்த்தட்டு நனைந்துவிட்டது. கலியாணச் சேலைப் பெட்டிகளைப் படிக்கட்டில் ஏற்றியிருந்தாள்.

நான் மண்வெட்டியைத் தூக்கியபடி நின்றேன். அப்போது தகப்பனின் ரப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு துளசி படியால் இறங்கி, தாயைத் தாண்டி, சளக் சளக்கென்று தோட்டத்துக்குள் வந்தாள். கன்னிக்காலை மருதாணிக் கையால் பிடித்து, மண்ணோடு அலுங்காமல் தோண்டி எடுத்து, நிலம் துடைக்கிற வாளிக்குள் வைத்தாள்.

"இப்ப வெட்டுங்கோ மாமா."

வெட்டினேன். மூட்டைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து ஓடைக்குள் போயின. தோட்டத்துத் தண்ணீர் அவற்றின் பின்னால் இரைந்துகொண்டு போனது. அரை மணி நேரத்தில் வீட்டுக்குள் முழங்காலில் இருந்து கணுக்காலுக்கு இறங்கியது. அதற்குக் கீழே இறங்கவில்லை. தெருவில் இருந்து வந்துகொண்டே இருந்தது. நாற்றமும் வந்தது. கழிவுக் குழாயும் கலந்துவிட்டது.

தீயணைப்புக்காரன் ஒருவன் வாசலில் நின்று, இந்தத் தண்ணீரோடு இருக்கக்கூடாது, எல்லாரும் வெளியேறுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான். கணேசன் மண்டபத்துக்குச் சாமான் ஏற்றிப் போனவன், திரும்பி வரும் ரோட்டை மூடிவிட்டார்கள் என்று தொலைபேசியில் அழாத குறையாகச் சொன்னான்.

வசந்தி படிக்கட்டில் போய் இருந்துவிட்டாள். நான் ஐயருக்கு எடுத்து நடந்ததைச் சொல்லி, தொலைபேசியை அவள் காதில் வைத்தேன். ஐயர் சத்தமாகக் கதைக்கிறவர். "ஆபத்துக்குத் தோஷமில்லை அம்மா. பிள்ளையை நனையாமக் கொண்டு போங்கோ. கன்னிக்காலைப் போற வீட்டில நடுங்கோ, மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன். எங்கட ரோட்டிலயும் தண்ணி, என்ர செருப்பு மிதக்குது" என்றது எனக்கே கேட்டது.

அவள் தொலைபேசியைத் திருப்பித் தந்தாள். எழும்பவில்லை.

"ஐயரே சொல்லிட்டார். இன்னும் என்ன?" என்று நான் பாய்ந்தேன்.

"ஐயருக்கு என்ன தெரியும்? உங்களுக்குத்தான் என்ன தெரியும் அண்ணை? நீங்கள் அப்ப சுவிசில அகதிக் காம்பில இருந்தனீங்கள். ஊரில எனக்குப் பொன்னுருக்கி, கன்னிக்கால் நட்டு, பின்னேரம் ஆமிக்காரங்கள் ஷெல் அடிக்கத் தொடங்கினவங்கள். தலைக்கு எண்ணெய் வைச்சபடி ஓடினனான். ஒரு காலில செருப்பில்லை. பள்ளிக்கூடத்து மேசையில கூறைச்சேலையை வைச்சுக் கலியாணம் முடிச்சது. ஆர் வந்தது, ஆர் செத்ததெண்டு தெரியாமத் தாலி கட்டினது. என்ர பிள்ளையும் கலியாணத்துக்கு முதல்நாள் வீட்டை விட்டு ஓடவேணுமோ? ஓட விடமாட்டன்."

ஊரில் இருந்து எனக்குச் சொன்னதெல்லாம் கலியாணம் நல்லபடியாக நடந்தது என்பதுதான். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. காலுக்குக் கீழே அழுக்குத் தண்ணீரில் ஒரு வெற்றிலைக் கட்டு மிதந்துகொண்டிருந்தது.

துளசி வாளியைப் படியில் வைத்துவிட்டுத் தாய்க்குப் பக்கத்தில் இருந்தாள்.

"அம்மா, இப்ப ஆர் ஓடுறது? நான் டாக்சி புக் பண்ணிட்டன். இருபது நிமிஷத்தில மேல் ரோட்டுக்கு வருமாம். அதுக்குள்ள நீங்க சீப்பால தலை இழுத்து, சீலையை மாத்துங்கோ. எனக்கும் தலை பின்னி விடுங்கோ. வடிவா இறங்கிப் போவம்."

வசந்தி மகளைப் பார்த்தாள். பிறகு, "சீப்பு மேல கிடக்கு" என்றாள்.

டாக்சி வந்து காத்திருந்தது. காத்திருக்கட்டும் என்றாள். துளசிக்குத் தலை பின்னி, பொட்டு வைத்து, தான் நல்ல சீலை உடுத்து, சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினாள். துளசியை வலது காலை எடுத்து வைக்கச் சொன்னாள். வைத்தது சாக்கடைத் தண்ணீரில். மேளம் இல்லை. எதிர்வீட்டில் கம்பளத்தைச் சுருட்டி வெளியே எறிந்துகொண்டிருந்த வெள்ளைக்காரி, இவர்கள் வருவதைக் கண்டு நிமிர்ந்து, என்னவென்று தெரியாமலே கை தட்டினாள். நான் சேலைப் பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். முதுகு பிளந்தது.

சாரதி சவுத்தாலில் இருந்து வந்த பஞ்சாபிக்காரர். வாளியைப் பார்த்து, "அது என்ன மரம்?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன். செவன் கிங்ஸ் என்றதும் பெருமூச்சு விட்டார். பாதி ரோட்டை மூடிவிட்டார்களாம், கிடைத்த வழியால் வேகமாகப் போய்ப் பார்க்கலாம் என்று காரை எடுத்தார்.

வசந்தி மடியில் வாளியை வைத்துக்கொண்டு பின் இருக்கையில் நிமிர்ந்து இருந்தாள்.

"மெதுவாப் போகச் சொல்லுங்கோ அண்ணை," என்றாள். "எங்களை ஒருத்தரும் துரத்திக் கலைக்கேல்லை."

நான் சாரதியிடம் சொன்னேன். அவர் முன்னால் நின்ற வாகன வரிசையைக் காட்டி, இதைவிட மெதுவாகப் போவதென்றால் காரை நிறுத்தத்தான் வேண்டும் என்றார்.